இல்லாத நாட்டில் வாங்கிய விவாகரத்து

எனக்கு விவாகரத்துத் தந்த நாடு உலகப் படத்தில் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அதற்கு நீதிமன்றம் இருந்தது. நீல உடுப்புப் போட்ட பொலிஸ் இருந்தது, வரி இருந்தது, அதைவிட்டு வெளியே போவதற்குப் பாஸ் இருந்தது. நீதிமன்ற வளவில் சைக்கிள் நிறுத்தக் கொட்டகைகூடப் போட்டிருந்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். அந்தக் கொட்டகையில் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போனவள் நான்.

யாழ்ப்பாணம் அப்போது தனிநாடு கேட்டுப் போராடிய இயக்கத்தின் கையில் இருந்தது. அரசாங்கத்தின் நீதிமன்றம் மூடிக் கிடந்தது, ஆனால் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்கத்தின் மாவட்டச் செயலகம் திறந்திருந்தது. இதுதான் வெளியாட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காத புதினம். அங்கே ஓர் அரசும் கிடையாது என்று கொழும்பு உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே, எங்கள் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாளும் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தது. கொழும்பு எங்களுக்கு யார் என்று கேட்ட இயக்கமும் அந்தச் சம்பளத்தைத் தடுக்கவில்லை. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் ஒரே பந்தலில் முகம் திருப்பி உட்கார்ந்து சாப்பிடுவதில்லையா, அப்படி. இல்லாத நாடு எப்படி உயிர் வாழும் என்று பின்னாளில் படித்தவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்கிறவர்களின் உதவியோடுதான் வாழ்ந்தது, வேறெப்படி?

அந்தாள் என் இடக்கையை முறித்த பிறகுதான் நான் அந்த நீதிமன்றத்துக்குப் போனேன். அந்தாள் என்பது என் முதல் புருஷன். அதைவிடக் கூடிய மரியாதையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நான் யாரோ ஒருவனோடு போகிறேன் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். சந்தையால் வரப் பிந்தினால் அடி, பக்கத்து வீட்டாரோடு கதைத்தால் அடி. உண்மையில் எனக்கு அந்த நாட்களில் ஒருவனோடு போவதற்கு நேரமே கிடைக்கவில்லை, சமையலும் கிணற்றடியும் அவன் தாயின் மூட்டு வலியுமாகவே பொழுது போனது.

நீதிபதி என்னைவிட இளையவள். பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். அந்தாளைப் பார்த்து, "ஏன் அடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அதுவரை அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, என் தகப்பன் உட்பட. அவன் நெஞ்சை நிமிர்த்தி, "புருசன் பெண்சாதிக்குள்ளை ஆயிரம் இருக்கும்" என்றான்.

"ஆயிரத்தை விடுங்கோ. இந்தக் கையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள் அவள்.

அவன் நிமிர்த்திய நெஞ்சை இறக்கித் தரையைப் பார்த்தான். ஐயோ, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை. அடுத்த தவணையில் தீர்ப்பு வந்தது. முத்திரை குத்திய ஒரு தாள் தந்தார்கள். நான் அவனுடைய பெண்சாதி இல்லை.

அதே நாள், அதே கட்டடத்தின் படியில் எங்கள் ஊரைச் சேர்ந்த ஓர் அண்ணை உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பியை விசாரிக்க வேண்டும் என்று இயக்கம் வீட்டிலிருந்து கூட்டிப்போயிருந்தது. எந்தக் கதவைத் தட்டினாலும் இங்கே இல்லை, அங்கே கேளுங்கள் என்று அலைக்கழித்தார்கள். அன்றைக்கும் அதே பதில். என் கையில் தீர்ப்பு, அவர் கையில் ஒன்றுமில்லை. என்னை அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தம்பி வரவே இல்லை.

பிறகு நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். பாஸ் எடுக்க ஆள் பிணை வைத்து, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, வவுனியாவுக்குக் கிட்ட வந்தபோது சனமெல்லாம் நின்று பைகளைக் கொட்டித் துழாவினார்கள். அடுத்தது ஆமியின் சாவடி. இயக்கத்தின் முத்திரை உள்ள துண்டு ஒன்று பைக்குள் கிடந்தாலும் ஆளைப் பிடித்து வைத்துவிடுவார்கள். ரசீது, பாஸ், பற்றுச்சீட்டு என்று எல்லாரும் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் முழுக்கக் கடதாசி. நானும் என் தீர்ப்பைக் கிழித்தேன். கல்யாணத்தில் அழாதவள், அடிக்கு அழாதவள், அங்கே நின்று ஓவென்று அழுதேன். பின்னால் நின்ற ஒரு மனுசி, "ஏன் பிள்ளை, காணி உறுதியோ?" என்று கேட்டாள். நிலப் பத்திரம் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று, ஓம் எனத் தலையாட்டினேன்.

கொழும்பில் கடவுச்சீட்டு எடுக்கையில் என் பெயருக்குப் பின்னால் மறுபடி அந்தாளின் பெயர் வந்து குந்திக்கொண்டது. அங்கே என் தீர்ப்பைப் பற்றி வாய் திறக்க முடியுமா? கொழும்பின் கணக்கில் நான் கட்டிய பெண். அந்தக் கடவுச்சீட்டோடுதான் இத்தாலியில் பாலர்மோவுக்கு வந்து இறங்கினேன். ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி எடுத்து, கொமூனே என்கிற நகரசபை அலுவலகத்தில் வதிவிடம் பதியப் போனபோது மணமானவரா என்று கேட்டார்கள். தனியாக வந்த பெண் கட்டினவள் என்று சொன்னால்தான் கண்டவனும் கண் வைக்க மாட்டான் என்று எங்கள் ஆட்கள் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் பெரிய புத்திசாலி மாதிரி ஓம் என்றேன். எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே செய்த பிழை அது.

போர்கோ வெக்கியோ என்ற பேட்டையில் ஒரு மீன்கடைக்கு மேலே அறை எடுத்தேன். மேல்மாடியில் யார் குடியிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருந்த அதே அண்ணை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களில் இத்தாலியன் நன்றாகக் கதைப்பவர் அவர்தான் என்பதால் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூட்டிப்போவோம். நல்ல மனிதர், ஆனால் அந்த நீதிமன்றத்தின் கதை எடுத்தால் போதும், விசர் பிடித்துவிடும்.

"உதெல்லாம் ஒரு கோடோ? நாலு மேசையைப் போட்டால் கோடு ஆகுமோ?" என்று கத்துவார். எங்கள் வாயில் கோர்ட்டும் கோடுதான்.

"எனக்கு ஆச்சுது அண்ணை" என்பேன்.

"உனக்கு ஆச்சுது எண்டால் அது உன்ரை அதிர்ஷ்டம். நீதி எண்டு சொல்லாதை."

நான் எதிர்த்துக் கதைப்பதில்லை. அவருடைய வயிற்றெரிச்சலுக்கு முன்னால் என்னத்தைக் கதைப்பது.

பிறகு இவர், என் இப்போதைய புருஷன், வந்தார். மன்னார் பக்கம், கத்தோலிக்க வேதக்காரர், ஒரு பழக்கடையில் பெட்டி இறக்குகிற வேலை. பெரிய காதல் கதை ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த உருளைக்கிழங்குப் பையை வாங்கிக்கொண்டு படியேறி வந்தார், பிறகு இறங்கிப் போக மனம் வரவில்லை என்பார். எங்களுக்குக் கல்யாணம் செய்ய ஆசை. கொமூனேக்குப் போனால் தூதரகத்திலிருந்து தடையில்லை என்று துண்டு கேட்டார்கள். தூதரகத்துக்குப் போனால் நீங்கள் கட்டினவர், அப்படி ஒரு நீதிமன்றம் எங்கள் நாட்டில் இல்லை என்றார்கள். மாதா கோயிலுக்குப் போனால் சுவாமியார் கையை விரித்தார். பாப்பரசரின் நாடு, உலகத்திலேயே சின்ன நாடு, ரோமுக்குள் இருக்கிறது, போர்கோ வெக்கியோவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாம். உலகமே அதை நாடென்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்களை மட்டும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. போங்கோடா நீங்களும் உங்கள் துண்டும் என்று அறையிலேயே தாலி கட்டிக்கொண்டோம். மேல்வீட்டு அண்ணையும் வந்தார். "உன்ரை கோட்டை நான் ஏற்கேல்லை, கேக்கை மட்டும் ஏற்கிறன்" என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து கீழே மீன்காரன் இவரை உங்கள் புருஷன் என்றுதான் சொன்னான். அவனுக்கு ஒரு தூதரகமும் தேவைப்படவில்லை.

அப்படியே இருந்திருப்போம். பிள்ளை உண்டானபோதுதான் பயம் பிடித்தது.

எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு முன்னெழுத்து. தனியாகக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இத்தாலியில் கட்டிய பெண் பெறும் பிள்ளை அவளுடைய புருஷனின் பிள்ளை என்று எழுதுவார்களாம். என் கையை முறித்தவனின் பெயரை என் பிள்ளை பள்ளிக்கூடத்தில், பெர்மெஸ்ஸோவில், தன் கல்யாணத்தில், சாகும்வரை சுமக்க வேண்டும். இவர் யார்? ஒருவரும் இல்லை. மாமரத்துக்குப் பக்கத்து வேலி மாதிரி ஒரு ஓரமாக நிற்கலாம். இதை நினைத்து இவர் சாப்பாட்டை அளைந்துகொண்டிருப்பார். "இஞ்சாரும், பிள்ளை சுகமாப் பிறக்கட்டும், பேரைப் பிறகு பாப்பம்" என்று எனக்குச் சொல்வார். அவருடைய குரலில் ஒரு நம்பிக்கையும் இருக்காது.

நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவிடம், வீட்டுக்கார அம்மாவிடம், ஒருநாள் இதைக் கொட்டினேன். அவர் கூனைப்பூவின் முள்ளை வெட்டிக்கொண்டு, கடைக்காரன் முற்றலைத் தந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தன் மகளுக்குக் கொமூனே புத்தகத்தில் பல வருஷம் தாயே இல்லை என்றார். எனக்கு விளங்கவில்லை. சிஞ்ஞோராவுக்கும் ஒரு முதல் புருஷன் இருந்தானாம், விட்டுவிட்டு ஓடிப்போனவன். அந்தக் காலத்தில் இத்தாலியில் விவாகரத்தே கிடையாது. பிறகு இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்து மகளைப் பெற்றாராம். தாய் என்று தன் பெயரைக் கொடுத்தால் பிள்ளை ஓடிப்போனவனுடையதாகிவிடும். ஆகவே தகப்பன் பெயரை மட்டும் எழுதி, தாயின் இடத்தை வெறுமையாக விட்டார்களாம். பெற்றுப் பால் கொடுத்தவள் அதே வீட்டில் நிற்க, புத்தகத்தில் தாய் இல்லை.

"புத்தகத்தில் இல்லையாம்!" என்று சிஞ்ஞோரா மேசையில் அடித்தார். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது புத்தகமா கண் விழித்துக்கொண்டிருந்தது?"

இப்போது சட்டம் கொஞ்சம் இளகிவிட்டது என்று அவரே வழியும் சொன்னார். நான் கொமூனேயில் போய், நான் கட்டினவள்தான், ஆனால் இந்தப் பிள்ளை புருஷனுக்குப் பிறக்கவில்லை, இவருக்குப் பிறந்தது என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இவரும் கூட வந்து போட வேண்டும். பிள்ளை தப்பிவிடும். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான் என்றார்.

அவ்வளவுதானாம்! புருஷன் இருக்க இன்னொருவனுக்குப் பிள்ளை பெற்றவள். அந்தாள் என்னை எந்தச் சொல்லுக்காக அடித்தானோ, எந்தச் சொல் பொய் என்று அந்த இளம் நீதிபதி எழுதித் தந்தாளோ, அந்தச் சொல்லை நானே என் கையால் உண்மையாக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கொதி. ஆனாலும் முடிவெடுத்துவிட்டேன். பிள்ளைக்காக எதையும் சொல்வேன்.

மகள் பிறந்தாள். பத்து நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். முப்பத்தொரு நாள் கழியாமல் பிள்ளைப்பேற்றுத் துடக்கோடு வெளியே காலடி வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். படிக்கட்டில் இருந்த எங்கள் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பச்சை உடம்போடை எங்கை வெளிக்கிடுறாய்? உனக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான். வழி விடுங்கோ" என்று சொல்லிக் காதைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். மீன்காரன் ஒருவன். மேல்வீட்டு அண்ணை மற்றவர். சாட்சிக்குச் சாட்சி, மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு. என் இத்தாலியன் அப்போது சமையலறைக்குத்தான் காணும். வழியில் அண்ணைக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மணமானவளா என்று கேட்பார்கள், ஓம் என்று சொல்லுங்கோ, மிச்சத்தை இவர் சொல்லுவார் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்த நீதிமன்றத்தையே ஏற்காதவருக்கு நான் கட்டினவள் என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

கொமூனேயில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் பதிவை எடுத்தார். மணமானவர் என்று இருக்கிறது, சரியா என்று கேட்டார்.

அண்ணை அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"சொல்லமாட்டன்."

இவர் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி இத்தாலியனில் சத்தமாகச் சொன்னார்: இவள் கட்டினவள் இல்லை. இவளுக்கு விவாகரத்துத் தீர்ந்துவிட்டது. நான் பார்த்தேன். தீர்ப்போடு இவள் வெளியே வரும்போது நான் படியில் இருந்தேன்.

எந்த நாட்டு நீதிமன்றம் என்று பதிவு எழுதுகிறவர் கேட்டார். அண்ணை விளக்கினார். எழுதுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். அப்படி ஒரு நாடு இல்லையே, இல்லாத நாட்டுக்கு நீதிமன்றம் எப்படி இருக்கும் என்றார்.

நான் அண்ணையின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, என்ரை பிள்ளையைக் கெடுக்காதையுங்கோ! நீங்கள்தானே அது கோடே இல்லையெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்!"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதுக்கு நீதி இல்லையெண்டுதான் சொன்னனான். அது இருக்கேல்லையெண்டு எப்ப சொன்னனான்? இருக்கேல்லையெண்டால் என்ரை தம்பியைக் கொண்டுபோனது ஆர்? ஆரும் இல்லையோ? அவன் சும்மா காத்திலை போனவனோ? அவங்கள் உன்னைப் பிரிச்சு விட்டது பொய்யெண்டால், அவனைக் கொண்டுபோனதும் பொய். அதை நான் என்ரை வாயாலை சொல்லோணுமோ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கியிருக்காது. அவ்வளவு காலமும் அந்த மனிதரோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன், எனக்கு இது உறைக்கவில்லையே என்று நெஞ்சு குமுறியது. பிறகு அந்தக் குமுறல் கொதியாக மாறியது. அண்ணைமேல் இல்லை. ஜன்னலை நோக்கி நானே போனேன். சமையலறை இத்தாலியன் போதும்.

நான் கட்டினவள் என்பதற்கு உம்மிடம் என்ன கடதாசி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் பதிவைக் காட்டினார். அதை நான் சொல்லித்தானே எழுதினீர்கள், கல்யாணச் சான்றிதழ் எங்கே என்றேன். அவர் புரட்டினார். இன்னொரு கட்டை எடுத்துவந்து புரட்டினார். கிடையாது. எப்படிக் கிடைக்கும்? அது யாழ்ப்பாணத்தில் கிடந்தது, நான் ஒருநாளும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கடவுச்சீட்டைத் தட்டிக் காட்டினார். அதில் இருப்பது பெயர், கல்யாணம் இல்லை என்றேன். என் விவாகரத்துக்குக் கடதாசி இல்லை, சரி. என் கல்யாணத்துக்கும் உம்மிடம் கடதாசி இல்லை. அதை என் வாயை நம்பி எழுதினீர், இதையும் என் வாயை நம்பி எழுதும். நான் கட்டினவள் இல்லை.

மீன்காரன் பின்னாலிருந்து, அவள் சொல்வது சரிதானே என்று உரத்துச் சொன்னான். வரிசையில் ஒரு கிழவி ஆமோதித்தாள். எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, பெருமூச்சு விட்டார். உங்கள் பொறுப்பில் எழுதுகிறேன் சிஞ்ஞோரா என்றார். என் பொறுப்பில்தான் எழுதும் என்றேன். தகப்பன் பெயர் கேட்டபோது இவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். எழுதியதை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அந்தாளின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன், இவர் போட்டார், மீன்காரன் போட்டான். அண்ணை கடைசியாகப் பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும் அழுத்தி எழுதினார்.

வெளியே போகலாம் என்று நான் துணியைச் சரிசெய்தேன். அண்ணை நகரவில்லை. குனிந்து, சாவைப் பதிவது எந்த ஜன்னல் என்று அந்த மனிதரிடம் கேட்டார். அவர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கேயும் வரிசை நீளமாக இருந்தது.

"அண்ணை, தம்பியின்ரை சாவுக்கு உங்களிட்டைத் துண்டு ஒண்டும் இல்லையே. இல்லையெண்டுதான் சொல்லுவாங்கள்" என்றேன்.

"சொல்லட்டும். அவங்கள் சொல்லட்டும். நான் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.